பிளேலிஸ்ட்டுக்குத் தமிழ்ல என்ன?

கேட்ட உடனே வர்ற பதில் 'பாடல் பட்டியல்'. தப்பில்லை. ஆனா மளிகைச் சாமான் எழுதுறதும் பட்டியல்தான். அதுல அரிசியை முதல்ல எழுதினாலும் கடைசியில எழுதினாலும் கடையில ஒண்ணும் மாறாது. பிளேலிஸ்ட் அப்படியா? டூர் பஸ்ல குத்துப்பாட்டு முடிஞ்ச கையோட ஒரு தாலாட்டு வந்தா, போட்டவரை யாரும் சும்மா விட மாட்டாங்க.

எம்3யூ கோப்பு ஒண்ணை நோட்பேட்ல திறந்து பாருங்க. உள்ளே பாட்டே இருக்காது. எந்தப் பாட்டு எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு வரிக்கு ஒண்ணா எழுதியிருக்கும், அவ்வளவுதான். முதல் வரியில இருக்கிறது முதல்ல பாடும். ஆக, பிளேலிஸ்ட்டுக்குச் சொந்தமானது பாட்டு இல்லை, எதுக்கு அப்புறம் எது என்கிற முறை மட்டும்தான்.

அதுக்குத் தமிழ்ல 'வரிசை' இருக்கு. கர்நாடக இசை கத்துக்கிட்டவங்களுக்கு சரளி வரிசை, ஜண்டை வரிசை எல்லாம் பழகின பேரு.

வரிசையை நம்ம ஆளுங்க எவ்வளவு சீரியஸா எடுத்துக்கிட்டாங்கன்னு பார்க்க அகநானூறு போதும். மொத்தம் 400 பாட்டு. ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை. 2, 8-ல முடிஞ்சா குறிஞ்சி, 4-ல முடிஞ்சா முல்லை, 6 மருதம், 10, 20, 30 என்று வந்தா நெய்தல். அதாவது பாட்டு எண்ணைப் பத்தால வகுத்து மீதியைப் பார்த்தா திணை தெரிஞ்சிடும்! 247-வது பாட்டா? மீதி 7, பாலை. எழுதின புலவர்கள் பலர். இப்படித் தொகுத்தவர் உருத்திரசன்மர்.

'பாடல் தொகுப்பு'ன்னு சொல்லலாமேன்னு கேட்பீங்க. அது ஆல்பத்துக்குப் போயிடுச்சு. 'பாடல் வரிசை'யை வேகமா சொன்னா 'பாடல் வரி'ன்னு காதுல விழுது. அதனால என் ஓட்டு 'பாட்டுவரிசை'க்கு.

ப்ராஜெக்ட்டுக்கு மியூசிக் ஆப் செய்து, பட்டன்களைத் தமிழ்ல வைக்கப் போறீங்கன்னா இன்னும் சில வார்த்தை வேணும். ப்ளேக்கு 'இயக்கு'ன்னு வைக்காதீங்க. மோட்டாரைத்தான் இயக்குவோம், பாட்டைப் 'போடுவோம்'. ஷஃபிளுக்கு 'கலைத்துப் போடு': சீட்டாடுற வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தை. ரிப்பீட்டுக்கு 'திரும்பப் போடு'.

ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. க்யூவும் வரிசைதானே? டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தை நினைச்சுப் பாருங்க. க்யூவுல முதல் ஆள் வேலை முடிஞ்சதும் வெளியே போயிடுவார். பாட்டுவரிசையில பாடி முடிச்ச பாட்டும் அதே இடத்துலயே இருக்கும், நாளைக்கும் அங்கிருந்தே கேட்கலாம். அதனால க்யூ பட்டனுக்குப் பெயர்ச்சொல்லே தேவைப்படாது. 'அடுத்துப் போடு'ன்னு எழுதிடுங்க, எல்லாருக்கும் புரியும்.