பிரான்சில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறீர்களா? குறுகிய கால விசா: குடும்பங்களுக்கு ஒரு பாடம்



காரைக்காலில் நம் தெருக்களில் பிரான்சில் உறவு இல்லாத வீடுகள் குறைவு. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்பந்தம் முறைப்படி நடப்புக்கு வந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பிள்ளைகளும், அக்குடும்பங்களில் சம்பந்தம் செய்து போனவர்களும் இன்று பாரிஸ் நகரத்தின் சுற்றுப்புறங்களில் வாழ்கிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுடன் இங்கே இருக்கும் உம்மாவும் வாப்பாவும் அவர்களைப் போய்ப் பார்க்க விசா வேண்டும்.

நம் அறக்கட்டளையின் உதவி மேசைக்கு ஒரு தாயார் வந்தார். மகளுக்கு அங்கே தலைப்பிரசவம். அவசரத்தில் ஒரு ஏஜெண்டிடம் போயிருக்கிறார். "மகளைப் பார்க்க என்று எழுதினால் தரமாட்டார்கள், சுற்றுலா என்று எழுதுவோம்" என்று அந்த ஏஜெண்ட் சொல்லியிருக்கிறார். போகாத ஹோட்டலுக்கு ஒரு முன்பதிவுச் சீட்டு வைத்தார்கள். கணக்கில் நான்கு லட்சம் ரூபாயைக் கைமாற்றாக ஒரே நாளில் போட்டார்கள். விசா மறுக்கப்பட்டது. பேரப்பிள்ளை பிறந்ததை அந்தத் தாயார் போனில்தான் பார்த்தார். அவரிடம் குறை ஒன்றும் இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தாலே அவரிடம் போதுமான சான்றுகள் இருந்தன. இந்தப் பாடத்தை எழுதக் காரணம் அதுதான்.

1. இது என்ன விசா?

இதற்கு ஷெங்கன் குறுகிய கால விசா என்று பெயர். 29 நாடுகள் இந்த ஏற்பாட்டில் இருக்கின்றன. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, சுவிட்சர்லாந்து எல்லாம் இதில் அடங்கும். இங்கிலாந்தும் அயர்லாந்தும் அடங்கா. எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது. இந்த விசாவில் அங்கே வேலை செய்ய முடியாது.

பல நாடுகளுக்குப் போவதாக இருந்தால், அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால், முதலில் நுழையும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். மகள் பிரான்சில் இருக்க, "அந்த நாட்டில் சுலபமாகக் கிடைக்கும்" என்று வேறு நாட்டிடம் கேட்பது முதல் தவறு.

2. எப்போது தொடங்குவது?

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும். முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள் அவகாசம். கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் அது 45 நாள் வரை நீளும். கோடை விடுமுறைக் காலத்தில் நேர ஒதுக்கீடு கிடைப்பதே கஷ்டம். ஆகவே பிரசவமோ நிக்காஹோ எந்த மாதம் என்று தெரிந்த உடனே, மூன்று நான்கு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

பிரான்சுக்கான விண்ணப்பத்தை பிரான்ஸ்-வீசாஸ் என்ற அரசு இணையதளத்தில் நிரப்ப வேண்டும். பிறகு விண்ணப்ப மையத்தில் நேரம் வாங்கி, நேரில் போய் ஆவணங்களையும் கைரேகையையும் கொடுக்க வேண்டும். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கைரேகை இல்லை. மையம் தாள்களை வாங்கி அனுப்பும் இடம் மட்டுமே. முடிவு தூதரக அதிகாரிகளுடையது. "மையத்தில் எனக்கு ஆள் இருக்கிறது" என்று யார் சொன்னாலும் பணம் கொடுத்து ஏமாறாதீர்கள்.

விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரையான பிள்ளைகளுக்கு 45 யூரோ. 6 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பி வராது.

3. அங்கே இருக்கும் பிள்ளை செய்ய வேண்டியது

உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால், அந்த வீட்டுக்காரர் தம் ஊர் மேரியில் 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' என்ற விருந்தோம்பல் சான்றிதழ் வாங்க வேண்டும். இதற்கு அவர் நேரில் போய், தம் அடையாளம், வீட்டுச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றைக் காட்ட வேண்டும். முத்திரைக் கட்டணம் 30 யூரோ. சான்றிதழ் மறுக்கப்பட்டாலும் அது திரும்பாது. வந்தவர் தம் செலவைத் தாங்க முடியாமல் போனால் நான் ஏற்கிறேன் என்று கையெழுத்திடுவதும் இதில் அடங்கும். ஆகவே இதை வெறும் தாளாக நினைக்க வேண்டாம். அது ஒரு பொறுப்பு.

மேரி இந்தச் சான்றிதழைத் தர சில வாரம் ஆகலாம். கையில் வந்ததும் அசல் தாளையே இங்கே அனுப்பச் சொல்லுங்கள். விமான நிலையத்தில் எல்லைக் காவலரும் அதைக் கேட்பார்.

இந்தச் சான்றிதழ் இருந்தால் நாளொன்றுக்கு 32.50 யூரோ செலவுக்குக் காட்டினால் போதும். 60 நாளுக்கு 1,950 யூரோ ஆகிறது. ஹோட்டலில் தங்குகிறவர் நாளொன்றுக்கு 65 யூரோ காட்ட வேண்டும். தங்குமிடச் சான்றே இல்லாதவருக்கு 120 யூரோ.

4. போகிறவர் சேர்க்க வேண்டியது

பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும். இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். புகைப்படம் 35-க்கு 45 மில்லிமீட்டர் அளவு. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். அது ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், தங்கும் எல்லா நாட்களுக்கும் செல்ல வேண்டும். மகளுடனான உறவுக்குப் பிறப்புச் சான்றிதழ், அவருடைய அடையாள அட்டை நகல், போக்குவரத்து முன்பதிவு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவையும் வேண்டும். தமிழில் உள்ள தாள்களை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மொழிபெயர்த்து வையுங்கள்.

தாயோ தகப்பனோ ஒருவர் மட்டும் பிள்ளையை அழைத்துப் போனால், மற்றவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் தேவை. வளைகுடாவில் வேலை பார்க்கும் வாப்பாக்கள் இதை முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும்.

5. பெயரில் கவனம்

நம் மக்களின் விண்ணப்பங்களில் அதிகம் சிக்குவது பெயர்தான். பாஸ்போர்ட்டில் முகம்மது ஓர் எழுத்துக்கூட்டலில், ஆதாரில் இன்னொன்றில், மகளின் பிறப்புச் சான்றிதழில் வேறொன்றில் இருக்கும். உம்மாவின் பெயருக்குப் பின்னால் ஓரிடத்தில் பீவி இருக்கும், ஓரிடத்தில் இருக்காது. பார்க்கும் அதிகாரிக்கு இவர்கள் இரண்டு பேர் என்றுதான் தோன்றும். நேரம் இருந்தால் தாளைத் திருத்துங்கள். இல்லாவிட்டால் இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி இணையுங்கள். நிக்காஹ் ஜமாஅத் தப்தரில் மட்டும் இருந்தால், அரசுப் பதிவையும் செய்து கொள்ளுங்கள். விசாவுக்கு மட்டுமல்ல, விதவை உதவிக்கும் வாரிசுக்கும் அது தேவைப்படும்.

6. திரும்பி வருவேன் என்பதற்கு என்ன சான்று?

மறுப்புகளில் அடிக்கடி வரும் காரணங்கள் இரண்டு: பயண நோக்கம் தெளிவாக இல்லை, திரும்பி வருவார் என்ற நம்பிக்கை இல்லை. இரண்டுக்கும் மருந்து உண்மையான தாள்களே. வீட்டு வரி ரசீது, பென்ஷன் புத்தகம், கடை உரிமம், இங்கே படிக்கும் பிள்ளைகளின் பள்ளிச் சான்று, விடுமுறைக் கடிதம் என்று உங்களைக் கட்டி வைத்திருப்பது எதுவோ அதைக் காட்டுங்கள்.

வங்கிக் கணக்கில் திடீரென விழும் பெருந்தொகை பலம் அல்ல, சந்தேகம். மாதாமாதம் மகன் அனுப்பும் பதினைந்தாயிரமும், கடை வாடகை எட்டாயிரமும் ஒழுங்காக வருகிற கணக்கு அதைவிட மேல். சொந்தப் பணம் குறைவு என்றால் மறைக்க வேண்டாம். செலவை மகள் ஏற்கிறார் என்று எழுதி, அவருடைய சம்பளச் சீட்டை வையுங்கள்.

முகப்புக் கடிதம் ஒரு பக்கம் போதும். யாரைப் பார்க்க, எதற்கு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, யார் செலவு, ஏன் திரும்புவேன் என்பவற்றை எழுதுங்கள். முன்பு விசா மறுக்கப்பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த விவரம் ஐந்தாண்டு வரை ஷெங்கன் நாடுகளின் பொதுக் கணினியில் இருக்கும். மறைத்தால்தான் கெடுதல்.

7. மறுக்கப்பட்டால்

காரணத்தைக் குறித்த தாள் ஒன்று தருவார்கள். அதைக் கிழித்துப் போடாதீர்கள். தவறு அவர்கள் பக்கம் என்று தோன்றினால் 30 நாளுக்குள் பிரான்சின் நாந்த் நகரில் உள்ள விசாத் துறைக்கு முறையீடு செய்யலாம். குறை நம் தாள்களில் என்றால், அதைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பதே நல்லது. அதே தாள்களை அப்படியே மறுபடி கொடுப்பதால் கட்டணம்தான் போகும்.

8. விசா கிடைத்த பிறகு

ஸ்டிக்கரில் மூன்றைப் பாருங்கள்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை நாள், எத்தனை முறை நுழையலாம். ஒரு முறை மட்டும் என்று இருந்தால், இடையில் லண்டன் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டு அதே விசாவில் பாரிஸ் திரும்ப முடியாது. லண்டனுக்குத் தனி விசா வேறு வேண்டும்.

இனி ஒரு கணக்கு. உம்மா ஒருவர் பலமுறை நுழையும் விசாவில் 2026 ஜனவரி 10 முதல் மார்ச் 10 வரை தங்கினார். வந்த நாளும் புறப்பட்ட நாளும் சேர்த்து 60 நாள். ஜூன் 1-ல் மறுபடி போகிறார். எத்தனை நாள் தங்கலாம்? ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளை எண்ண வேண்டும். பழைய 60 நாளும் அதற்குள் இருப்பதால் மீதி 30 நாள்தான். ஜூன் 30-ல் புறப்பட்டாக வேண்டும். ஜூலை 9 முதல் பழைய நாட்கள் ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து கழியும். ஆகவே அவர் ஜூன் 11-ல் போயிருந்தால் 45 நாளும் தாராளமாகத் தங்கியிருக்கலாம். டிக்கெட் எடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் முகமும் கைரேகையும் கணினியில் பதியும் முறை தொடங்கிவிட்டது. ஒரு நாள் கூடினாலும் தெரிந்துவிடும்.

ஒழுங்காகப் போய் வருவதற்குப் பலனும் உண்டு. 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்காக வந்த விதிப்படி, மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசா வாங்கி முறையாகப் பயன்படுத்தியவருக்கு இரண்டு ஆண்டு விசாவும், அதற்குப் பின் ஐந்து ஆண்டு விசாவும் கிடைக்கும் வழி இருக்கிறது.

நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்

1. என் விண்ணப்பத்தில் எனக்கே தெரியாத தாள் ஏதாவது இருக்கிறதா?
2. எல்லாத் தாளிலும் என் பெயர் ஒன்றா?
3. அதிகாரி எதிரில் உட்கார்ந்து கேட்டால், ஒவ்வொரு தாளையும் நானே விளக்க முடியுமா?

முதலில் சொன்ன தாயார் இரண்டாம் முறை நம் மேசையில் உட்கார்ந்து, தாமே சொல்லச் சொல்ல ஒரு பக்கக் கடிதம் எழுதினார். முந்தைய விண்ணப்பத்தில் நடந்ததையும் ஒளிக்காமல் சொன்னார். மகள் மேரியில் வாங்கிய சான்றிதழ், கணவரின் குடும்பப் பென்ஷன் தாள், வீட்டு வரி ரசீது இவ்வளவுதான் வைத்தார். விசா வந்தது. அவர் போய்ச் சேர்ந்தபோது பேரனுக்கு ஐந்து மாதம். முதல் மாதங்கள் திரும்பி வராது. இன்னொரு குடும்பம் அவற்றை இழக்காமல் இருக்கட்டும்.

தாள்களை எடுத்துக்கொண்டு நம் உதவி மேசைக்கு வாருங்கள். கட்டணம் எதுவும் இல்லை. இன்ஷா அல்லாஹ், சேர்ந்து பார்ப்போம்.