கூதிர்காலக் கண்காட்சியில் தையல் போர்வைக் கடை

வட இந்தியாவிலும் கிழக்கு இந்தியாவிலும் கைவினைக் கண்காட்சிகள் களைகட்டும் பருவம் புரட்டாசியின் பிற்பகுதியில் தொடங்கிக் கார்த்திகை வரை நீடிக்கிறது. துர்க்கா பூஜையும் தீபாவளியும் இந்த நாள்களுக்குள் வந்துவிடுகின்றன. தில்லி பிரகதி மைதானத்தில் இந்தியப் பன்னாட்டு வர்த்தகக் கண்காட்சி நவம்பர் 14 முதல் 27 வரை நடைபெறுவது வழக்கம். குளிர் நெருங்குகிறது என்ற எண்ணம் குடும்பங்களில் எழும் காலமும் இதுவே. எனவே, தையல் போர்வைகளைச் செய்து விற்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கும் சிறு தொழில்முனைவோருக்கும் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி இந்தச் சில வாரங்களில் கிடைப்பதாகும்.

இக்குழுக்களில் பலவும் வங்கிக் கடனைக் கொண்டு துணி வாங்கிப் பல மாதங்கள் உழைத்துச் சரக்கைச் சேர்க்கின்றன. ஆயினும் கடையில் அதனை எவ்வாறு காட்சிக்கு வைப்பது என்பதைக் கண்காட்சிக்கு முதல் நாள் மாலையில்தான் சிந்திக்கின்றன. கடையின் அமைப்பு வெறும் அலங்காரம் அன்று. தையலுக்கு உரிய கூலி கிடைக்குமா என்பதையே அது தீர்மானிக்கிறது. இக்கருத்தைக் கணக்குடன் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எவ்வகைப் போர்வைகள்?

மூன்று வகைகளை இங்குக் கருத்தில் கொள்வோம். முதலாவது, வங்காளத்தின் காந்தா. பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலால் ஓடு தையல் இட்டுச் செய்யப்பட்டது இதன் மரபு வடிவம். இன்று புதுத் துணியிலும் செய்கின்றனர். இரண்டாவது, பீகாரின் முசாபர்பூர்ப் பகுதியில் தைக்கப்படும் சுஜனி. மூன்றாவது, அச்சுக்கட்டையால் வண்ணம் பதித்த பருத்தித் துணிக்குள் மெல்லிதாகப் பஞ்சு பரப்பித் தைக்கப்படும் ஜெய்ப்பூர் ரஜாய். சுஜனிக்கு 2006ஆம் ஆண்டிலும், மேற்கு வங்காளத்தின் நக்‌ஷி காந்தாவுக்கு 2008ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

இவற்றுக்கு ஒரு பொதுத் தன்மை உண்டு. மடித்து அடுக்கினால் இவற்றின் தையல் மறைந்துவிடும். வெளியே தெரிவது துணியின் விளிம்பு மட்டுமே. அந்நிலையில், இயந்திரத்தில் தைத்த போர்வைக்கும் கையால் தைத்த போர்வைக்கும் வேறுபாடு தெரியாது. வாடிக்கையாளர் படுக்கை விரிப்புக்குரிய விலையைக் கேட்பார். அவரைக் குறை கூறவும் இயலாது.

மறைந்த உழைப்பின் விலை

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். ஒரு போர்வையை ஒரு பெண் நாளொன்றுக்கு 4 மணி நேரமாக 30 நாள்களில் தைத்து முடிக்கிறார் எனில், உழைப்பு 120 மணி நேரம். மணிக்கு 50 ரூபாய் கூலி என்றால் 6,000 ரூபாய். துணி, நூல், சலவை ஆகியவற்றுக்கு 1,200 ரூபாய். கடை வாடகை, பயணம், தங்குமிடம் ஆகிய கண்காட்சிச் செலவில் இந்தப் போர்வையின் பங்கு 800 ரூபாய். ஆக, விலை 8,000 ரூபாய்.

அதே போர்வை, உழைப்பு தெரியாத காரணத்தால் 3,500 ரூபாய்க்குப் பேரம் பேசி விற்கப்படுகிறது என்று கொள்வோம். துணிக்கடைக்காரர் தமக்குரியதைக் குறைத்துக்கொள்ளமாட்டார். கடை வாடகையும் குறையாது. இவ்விரண்டும் போக எஞ்சுவது 1,500 ரூபாய். தைத்தவருக்கு மணிக்குப் பன்னிரண்டரை ரூபாய் கிடைக்கிறது. குறைவு முழுவதும் கூலியில்தான் விழுகிறது. தையலைக் காட்டத் தெரியாத கடை, தைத்தவரின் கூலியைக் குறைக்கும் கடையாகிவிடுகிறது என்பதை இக்கணக்கு உணர்த்தும்.

பருவத்தை எப்படிக் காட்டுவது?

இலையுதிர் காலம் என்றவுடன் செந்நிற மேப்பிள் இலைகளையும் பறங்கிக்காயையும் கடையில் தொங்கவிடும் பழக்கம் நகர்ப்புறக் கண்காட்சிகளில் பரவி வருகிறது. இவை வட அமெரிக்காவின் அடையாளங்கள். வட இந்தியச் சமவெளியில் வேம்பு, அரசு போன்ற பல மரங்கள் இலை உதிர்ப்பது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான். அக்டோபரில் இலை சிவப்பது காஷ்மீரத்துச் சினார் மரம். காஷ்மீரக் கைவினைக்கு அந்த இலை பொருத்தமானதே.

நம்முடைய பெரும்பொழுதுகளில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். தமிழகத்தில் அது மழையின் காலம். கங்கைச் சமவெளியிலும் வங்காளத்திலும் மழை ஓய்ந்து வானம் தெளியும் காலமாகிய சரத் ருதுவின் நாள்கள் ஏறத்தாழ இவையே. நீல வானில் வெண்முகில், ஆற்றங்கரையில் வெள்ளைப் பூங்கதிருடன் அசையும் காஷ் என்னும் நாணல், விடியற்காலையில் உதிர்ந்து கிடக்கும் சிவுலி ஆகியவை வங்காளத்தில் அப்பருவத்தின் அடையாளங்கள். சிவுலி என்பது நாம் பவளமல்லி என்று அழைக்கும் மலரே. வெள்ளை இதழும் செம்மஞ்சள் காம்பும் கொண்ட அந்த மலரிலேயே கடைக்குரிய வண்ணத் திட்டம் அமைந்திருக்கிறது. வெள்ளைப் பின்துணி, செம்மஞ்சள் கரை, நீலத்தில் ஒன்றிரண்டு போர்வைகள், பச்சையில் ஒரு சிறு துணுக்கு ஆகிய நான்கு வண்ணங்களே போதும். அதற்கு மேல் சேர்க்கும் ஒவ்வொரு வண்ணமும் போர்வையின் வண்ணத்துடன் போட்டியிடும்.

உண்மையான மலர்களைப் பயன்படுத்துவோர் சிலவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். பவளமல்லிக் காம்பு சாயம் தரக்கூடியது. பட்டுக்கு நிறமேற்ற அதனைப் பயன்படுத்தியதும் உண்டு. செண்டுமல்லியும் சாயம் தரும் பூவே. எனவே, இம்மலர்களைப் போர்வையின்மீது தூவக் கூடாது. கடை வாயிலில் தோரணமாகக் கட்டலாம். நாணற்கதிர் முற்றினால் பஞ்சுபோல் பறந்து துணியில் ஒட்டிக்கொள்ளும். முற்றாத கதிர்களை ஒரு மண்பானையில் இட்டுக் கடைக்கு வெளியே வைப்பது நலம். தீபாவளியை ஒட்டிய கண்காட்சியாயினும் கடைக்குள் எண்ணெய் விளக்கு ஏற்றுதல் கூடாது. பருத்தியும் பஞ்சும் நிறைந்த இடத்தில் ஒரு பொறி போதும், ஓராண்டு உழைப்பு சாம்பலாகிவிடும்.

இடமும் அளவும்

கண்காட்சிக் கடைகளில் பத்தடி நீளம், பத்தடி அகலம், எட்டடி உயரம் என்பது பரவலாகக் காணப்படும் அளவு. ஒற்றைக் கட்டில் போர்வை 60க்கு 90 அங்குலம், அதாவது ஐந்தடிக்கு ஏழரை அடி. இரட்டைக் கட்டில் போர்வை 90க்கு 108 அங்குலம், அதாவது ஏழரை அடிக்கு ஒன்பதடி. ஒற்றைப் போர்வையை எட்டடிச் சுவரில் முழுவதுமாக விரிக்கலாம். இரட்டைப் போர்வையை நீளவாக்கில் தொங்கவிட்டால் ஓரடி தரையில் புரளும். அதனை மேற்கம்பியில் மடித்துத்தான் இட வேண்டும். இந்த அளவுகளைத் தாளில் வரைந்து, எந்தப் போர்வை எங்கே என்பதை ஊரிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பின்சுவரில் ஒரே ஒரு போர்வையை மட்டும் முழுதாக விரித்துத் தொங்கவிடுவது சிறந்தது. அதன் இருபுறமும் எஞ்சும் இடத்தை வெற்றாக விட்டுவிடலாம். குழுவின் மிகச் சிறந்த படைப்பு அங்கே இடம்பெறட்டும். அன்று அது விற்காவிடினும் பிற போர்வைகளை விற்றுக்கொடுக்கும். பக்கச் சுவர்களில் மூங்கில் ஏணி சாய்த்து, படிக்கு ஒன்றாக நான்கைந்து போர்வைகளைத் தையல் வெளியே தெரியும்படி மடித்துப் போடலாம். மற்றவற்றை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு, விற்க விற்க எடுத்து வைக்கலாம்.

துணியில் ஆணியோ குண்டூசியோ குத்தக் கூடாது. போர்வையின் பின்புற மேல் விளிம்பில் நான்கு அங்குல அகலத்தில் ஒரு துணிக்குழலைத் தளர்வாகத் தைத்து, அதற்குள் மூங்கில் கம்பைச் செலுத்தித் தொங்கவிட்டால் எடை சீராகப் பரவும். விற்றபின் அக்குழலைப் பிரித்துவிடலாம்.

பத்தடி, மூன்றடி, கையெட்டும் தூரம்

வருகையாளர் ஒரு கடையை மூன்று தொலைவுகளில் நின்று அறிகிறார். பத்தடி தொலைவில் நடந்து செல்லும்போது அவர் காண்பது வண்ணம் மட்டுமே. பின்சுவர்ப் போர்வையின் பணி அவரை நிற்கச் செய்வது. மூன்றடி தொலைவில் அவர் காண்பது உருவங்கள்: மீன், தாமரை, பல்லக்கு, மரம். இங்கே ஏணியிலுள்ள போர்வைகள் பணியாற்றுகின்றன. கையெட்டும் தூரத்தில் அவர் தையலைத் தொட்டுப் பார்க்கிறார். தொடுவதற்கென்றே ஒரு சிறு போர்வையை மேசைமீது விரித்து, ஒரு மூலையைத் திருப்பிப் பின்புறத் தையல் தெரியும்படி வைக்க வேண்டும். 'தொடாதீர்கள்' என்ற அட்டையை வைத்த கடையில் கைத்தையலை விற்பது கடினம்.

விளக்கும் இங்கு முக்கியமானது. நேர் எதிரே பாயும் வெளிச்சம் துணியைத் தட்டையாகக் காட்டும். பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழும் வெளிச்சத்தில் ஓடு தையலின் மேடு பள்ளங்கள் சிறு நிழல்களுடன் எழுந்து நிற்கும். வெப்பம் குறைந்த எல்இடி விளக்குகள் இரண்டு இதற்குப் போதும். திறந்தவெளிக் கண்காட்சியாயின், நேர்வெயில் பட்டு இயற்கைச் சாயம் வெளுக்காமலும், மாலைப் பனியில் பஞ்சு ஈரம் கொள்ளாமலும் காக்க வேண்டும். இரவில் நெகிழி உறையில் கட்டிவைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பருத்தித் துணியில் சுற்றி வைப்பதே முறை.

விலைச்சீட்டு பேசட்டும்

ஒவ்வொரு போர்வையிலும் விலையுடன் ஒரு சிறு சீட்டு இருத்தல் வேண்டும். தைத்தவரின் பெயர் (அவர் இசைந்தால்), ஊர், தைக்க எடுத்த நாள்கள், துணி அடுக்குகளின் எண்ணிக்கை, சலவை முறை ஆகிய ஐந்து செய்திகள் போதும். '30 நாள்கள்' என்ற ஒரு சொற்றொடர், நெடிய விளக்கத்தைவிட எளிதாக விலையை நியாயப்படுத்தும். புவிசார் குறியீட்டு முத்திரையை, அதனைப் பயன்படுத்தப் பதிவு பெற்றவர்கள் மட்டுமே சீட்டில் இடலாம்.

8,000 ரூபாய்ப் போர்வையை அனைவரும் வாங்க இயலாது. துணித் துண்டுகளில் தைத்த பைகள், தலையணை உறைகள், மேசை விரிப்புகள் ஆகியவற்றைக் கடையின் முன்வரிசையில் வைத்தால் அன்றாடச் செலவுக்கு வரவு கிடைக்கும். ஆனால், அவை பின்சுவரை மறைக்கும் அளவுக்கு உயரக் கூடாது.

அலங்காரச் செலவுக்கு ஓர் அளவுகோல்

மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஒரு போர்வை கண்காட்சிச் செலவுக்குத் தரும் பங்கு 800 ரூபாய். மொத்தக் கண்காட்சிச் செலவு 24,000 ரூபாய் எனில், 30 போர்வைகள் விற்றால்தான் அது ஈடாகும். அலங்காரத்துக்கென மேலும் 4,000 ரூபாய் செலவிட்டால், கூடுதலாக 5 போர்வைகள் விற்றாக வேண்டும். எந்தப் பொருளை வாங்குமுன்னும், இதற்காக எத்தனை போர்வைகளைக் கூடுதலாக விற்க வேண்டும் என்று குழுக் கூட்டத்தில் கேட்டுக்கொள்வது நல்ல பழக்கம். மூங்கில் ஏணி, பின்துணி, விளக்கு ஆகியவை பல கண்காட்சிகளுக்கு உதவும். ஒரு நாள் மலர் வளைவு அவ்வாறு உதவாது.

வங்கியுடன் செய்ய வேண்டியவை

துணி வாங்கும் செலவு வைகாசி, ஆனியில் வருகிறது. விற்பனை வரவு ஐப்பசிக்குப் பிறகே வருகிறது. இந்த இடைவெளியைக் கடன் விண்ணப்பத்தின்போதே கிளை அலுவலரிடம் எடுத்துரைத்து, தவணைகள் விற்பனைக் காலத்தை ஒட்டி அமையுமா என்று கேட்க வேண்டும். சுய உதவிக் குழுக்களுக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் பிணையம் கேட்கப்படுவதில்லை. தனிநபர் தொழில்முனைவோர் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பெறலாம்.

யுபிஐ குறியீட்டு அட்டை தனிநபர் கணக்குக்கு உரியதாக இல்லாமல், குழுவின் கணக்குக்கு உரியதாக இருத்தல் நலம். அதனை வாடிக்கையாளரின் கண்மட்டத்தில், ஆனால் கடையின் உட்புறத்தில் வைக்க வேண்டும். வெளிப்புறத்தில் வைத்தால் பிறர் அதன்மேல் வேறு அட்டையை ஒட்டிவிடக்கூடும். நாள்தோறும் கடை திறக்கும்போது ஒரு ரூபாய் அனுப்பிச் சரிபார்த்துக்கொள்ளலாம். பணம் செலுத்தியதாக வாடிக்கையாளர் காட்டும் திரையை நம்பாமல், நம் கணக்கில் வரவு வந்ததை உறுதி செய்த பின்னரே பொருளை ஒப்படைக்க வேண்டும். குழுக் கணக்கில் பதிவாகும் இந்த வரவுகள், அடுத்த ஆண்டு கடன் வரம்பை உயர்த்தக் கோரும்போது விற்பனைக்குச் சான்றாக அமையும்.

கண்காட்சிக்கு ஒரு மாதம் முன்னரே, ஊர்ச் சமுதாயக் கூடத்தில் தரையில் பத்தடிக்குப் பத்தடி கோடு வரைந்து, கடையை ஒரு முறை அமைத்துப் பார்க்கலாம். போர்வைகளைத் தைத்த பெண்கள் அனைவரும் அன்று வாடிக்கையாளர்களைப்போல் பத்தடி தள்ளி நின்று பார்க்கட்டும். தங்கள் தையல் எங்கே தெரிகிறது, எங்கே மறைகிறது என்பதை அவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் வேறு எவரும் இலர்.