தொழில் தொடங்க நான் தயாரா?

கேள்வி: வீட்டிலேயே சாம்பார்ப்பொடி, இட்லிப்பொடி அரைத்து விற்க ஆசை. அதற்கு நான் தயாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உறவினரின் பாராட்டை மட்டும் நம்பி இறங்காதீர்கள், சகோதரி. முன்பின் தெரியாதவர்கள் காசு கொடுத்து வாங்கி, மறுமாதமும் கேட்டு வருகிறார்களா? அதுதான் முதல் சோதனை.

அடுத்து, ஒரு கிலோவின் அடக்கவிலையை எழுதுங்கள். மல்லி, மிளகாய், அரவைக்கூலி, பாக்கெட், வண்டிச்செலவோடு உங்கள் உழைப்புக்கும் கூலி போடுங்கள். அதன்பிறகும் லாபம் நிற்க வேண்டும். கடைக்காரர்கள் கடன் சொல்வார்கள். சில மாதம் பணம் வராவிட்டாலும் குடும்பம் ஓடுமா?

முதலுக்காக நகையை அடகு வைக்காதீர்கள். மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானமின்றிக் கடன் கேட்கலாம். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம்; உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். மாவட்டத் தொழில் மையத்தில் வழிகாட்டுவார்கள். கணக்கு ஒத்துவந்தால் துணிந்து தொடங்குங்கள்!