மெதுவாக ஏறும் கண்ணாடி

மாலை நேரம். கனமழை பெய்கிறது. கிள்ளானில் உள்ள புக்கிட் ராஜா சாலைக் கட்டணச் சாவடியில் வாகனங்கள் வரிசையாக நிற்கின்றன. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, அட்டையைத் தொட்டுக் கட்டணம் செலுத்துகிறார். பிறகு கண்ணாடியை ஏற்ற விசையை இழுக்கிறார். கண்ணாடியோ ஆமை வேகத்தில் ஏறுகிறது. பாதி வழியில் திணறுகிறது. அதற்குள் அவரது சட்டையும் கதவின் உட்புறமும் நனைந்துவிடுகின்றன.

இத்தகைய நிலையில் பலர் உடனே புதிய மோட்டாரை வாங்கிப் பொருத்துகின்றனர். ஆனாலும், சில கார்களில் கண்ணாடி முன்போலவே மெதுவாக நகர்கிறது. பணம் செலவானதுதான் மிச்சம். பழுது மோட்டாரில் இல்லாததே இதற்குக் காரணம்.

மலேசியர்கள் நன்கறிந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுள் புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ.யும் ஒன்றாகும். 1983ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட புரோட்டோன் நிறுவனம், 1996ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. அதன் பின்னர், 1998ஆம் ஆண்டில் 1.8 லிட்டர் இயந்திரத்துடன் ஜி.டி.ஐ. வெளிவந்தது. இக்காரின் பக்கத்திற்கு ஒரு கதவு மட்டுமே உண்டு. அதனால் கதவு நீளமானது, கண்ணாடியும் பெரியது. கண்ணாடி பெரிதாக இருந்தால் அதைத் தூக்கும் மோட்டாரின் சுமையும் கூடும். இருபது ஆண்டுகளைக் கடந்த கார்களில், எந்த நிறுவனத்தின் தயாரிப்பானாலும், இச்சுமை நன்றாகவே தெரியும்.

கதவின் உள்ளே ஒரு சிறிய மின்மோட்டார் இருக்கிறது. அது பல்சக்கரங்களின் வழியாக ஒரு தூக்குப் பொறியை இயக்குகிறது. அப்பொறி கண்ணாடியை மேலும் கீழும் நகர்த்துகிறது. கண்ணாடியின் இரு ஓரங்களும் இரப்பர் பள்ளங்களுக்குள் வழுக்கிச் செல்கின்றன. விசையை மாற்றி அழுத்தும்போது மின்னோட்டத்தின் திசை மாறுகிறது. மோட்டாரும் எதிர்த்திசையில் சுழல்கிறது.

கண்ணாடி மெதுவாக நகர்வதற்கு முக்கியமான காரணங்கள் மூன்று. முதலாவது, உராய்வு. நம் நாட்டின் வெயிலில் இரப்பர் காய்ந்து இறுகுகிறது. சாலைத் தூசு மழைநீரோடு கலந்து அதன் பள்ளங்களில் படிகிறது. தூக்குப் பொறியில் உள்ள கிரீஸும் நாளடைவில் கெட்டியாகிறது. இரண்டாவது, மின்னழுத்த இழப்பு. விசையின் உள்ளே இருக்கும் செம்புத் தொடுமுனைகள் கருகுவதாலும், கம்பி இணைப்புகளில் துரு ஏறுவதாலும் இது ஏற்படுகிறது. மூன்றாவது காரணமே மோட்டாரின் தேய்மானம்.

மின்னழுத்த இழப்பை ஓம் விதியைக் கொண்டு கணக்கிடலாம். மோட்டார் 10 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுப்பதாகக் கொள்வோம். வழியில் 0.3 ஓம் மின்தடை இருந்தால், 10 × 0.3 = 3 வோல்ட் வழியிலேயே வீணாகும். மின்கலம் 12 வோல்ட் கொடுத்தாலும் மோட்டாருக்கு 9 வோல்ட் மட்டுமே கிடைக்கும். அதன் வேகமும் குறையும். இறுகிய இரப்பரோடு போராடும் மோட்டார் இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். அப்போது இழப்பும் அதிகரிக்கும். இவ்வாறு ஒரு குறை மற்றொரு குறையைப் பெரிதாக்குகிறது.

பழுது எங்கே இருக்கிறது என்பதைச் சில எளிய சோதனைகளால் அறியலாம். ஒரு கண்ணாடி மட்டும் மெதுவாக ஏறினால், அந்தக் கதவைத்தான் முதலில் ஆராய வேண்டும். ஏறும் கண்ணாடியைக் கைகளால் சற்றே தூக்கிவிட்டுப் பார்க்கலாம். கதவின் உள்தட்டைக் கழற்றியபின், கண்ணாடியைத் தூக்குப் பொறியிலிருந்து விடுவித்து மோட்டாரை மட்டும் இயக்கிப் பார்க்கலாம். பொறி விரைவாக நகர்ந்தால் குறை பெரும்பாலும் இரப்பர் பள்ளத்தில் இருக்கும். அப்போதும் மெதுவாக நகர்ந்தால், மோட்டாரின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். மோட்டார் ஓடும்போதே அளப்பது முக்கியம். மின்னோட்டம் இல்லாதபோது இழப்பும் இராது. மீட்டர் 12 வோல்ட் காட்டி நம்மை ஏமாற்றிவிடும்.

காரணம் தெரிந்துவிட்டால் தீர்வு எளிது. இரப்பர் பள்ளங்களை ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, சிலிக்கோன் தெளிப்பானை அடிக்க வேண்டும். சாதாரண எண்ணெயை ஊற்றக்கூடாது, அது தூசைப் பிடித்துக்கொள்ளும், இரப்பரையும் கெடுக்கும். தூக்குப் பொறியின் பழைய கிரீஸை நீக்கிப் புதியதைத் தடவ வேண்டும். கருகிய தொடுமுனைகளைத் தூய்மைப்படுத்த வேண்டும். சிலர் ரிலே எனப்படும் மின்விசைக் கருவியையும் பொருத்துகின்றனர். அப்போது மோட்டாருக்குரிய பெரிய மின்னோட்டம் விசையின் வழியே செல்லாது. தடித்த கம்பிவழியே நேராகச் செல்லும். இவ்வேலையை மின்கம்பி இணைப்பில் தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே நல்லது. இவற்றுக்குப் பிறகும், முழு மின்னழுத்தம் கிடைத்தும் மோட்டார் தளர்ந்தே சுழன்றால், அதை மாற்றலாம்.

பாதுகாப்பிலும் கவனம் வேண்டும். கண்ணாடியைப் பொறியிலிருந்து விடுவிக்குமுன், அதை வலுவான ஒட்டுநாடாவால் கதவுச் சட்டத்தோடு பிணைக்க வேண்டும். இல்லையென்றால் அது நழுவி விழுந்து உடையலாம். பொறி நகரும்போது விரல்களை உள்ளே விடக்கூடாது. கம்பிகளைக் கழற்றுமுன் மின்கலத்தின் எதிர்முனை இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி எரிந்துபோனால், அதைவிடப் பெரிய ஃபியூஸைப் போடக்கூடாது. அது கம்பிகள் தீப்பற்ற வழிவகுக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் ஆனாலும் கிள்ளான் ஆனாலும், நல்ல பட்டறைக்காரர் வண்டியைக் கண்டவுடன் திருகாணியைக் கையில் எடுப்பதில்லை. முதலில் கேட்கிறார், பார்க்கிறார், அளக்கிறார்; அதன் பின்னரே கழற்றுகிறார். மருத்துவர் நோயாளியைச் சோதித்த பிறகு மருந்து தருவதும் இம்முறையில்தான். காரணத்தைத் தேடச் செலவிடும் அரைமணி நேரம், தேவையற்ற மோட்டாருக்குச் செலவாகும் பணத்தை மிச்சப்படுத்துகிறது. அடுத்த மழைக்கு முன்பே கண்ணாடியும் மூடிக்கொள்கிறது.