தைலக்காப்பும் தாவர நறுமணமும்



ஆனி மாதத்தில் ஜ்யேஷ்டாபிஷேகம் நிறைவுற்றதும் திருவரங்கம் பெரிய கோயிலில் பெரிய பெருமாளுக்குத் தைலக்காப்பு சாற்றப்படுகின்றது. அதன்பின் தைலம் உலரும் வரையில் சில வாரங்களுக்குத் திருவடி சேவை வாய்ப்பதில்லை. தூரதேசங்களிலிருந்து வரும் சேவார்த்திகளில் சிலர், "இவ்வளவு தூரம் வந்தும் திருவடியைச் சேவிக்கக் கொடுத்து வைக்கவில்லையே" என்று மனம் தளர்ந்து திரும்புவதுண்டு. கண்ணுக்குக் கிட்டாததை எண்ணி வருந்தும் அவர்கள், சந்நிதியில் நின்ற நேரமெல்லாம் நாசிக்குக் கிட்டியதைக் கருதுவதில்லை. அந்த மணம் எதனின்று பிறக்கின்றது, அதை எண்ணெயில் நிறுத்தி வைக்கும் முறை யாது, இக்காலத்தில் அதற்கு நேர்ந்துள்ள இடையூறு யாது என்பவை யாத்திரை செய்வோர் அறியத்தக்கவை.

பெரிய பெருமாள் சுதையினால் ஆன திருமேனி உடையவர். நீர் பட்டால் சுதை கெடும். ஆதலின் திருமஞ்சனமெல்லாம் உற்சவரான நம்பெருமாளுக்கே. மூலவருக்குத் தைலக்காப்பு ஒன்றே. மதுரையை அடுத்த திருமாலிருஞ்சோலையில் ஆடி அமாவாசை முதல் தை அமாவாசை வரை மூலவருக்குத் தைலக்காப்புக் காலம். காஞ்சியில் 2019ஆம் ஆண்டு 48 நாட்கள் சேவை சாதித்த அத்திவரதர், மரத்தாலான திருமேனியர். அவருக்கும் தைலக்காப்பு சாற்றிய பின்னரே அனந்தஸரஸில் மீண்டும் எழுந்தருளப் பண்ணினர். சுதையாயினும் மரமாயினும் அதன் நுண்ணிய துளைகளை எண்ணெய் அடைத்து, ஈரத்தை உட்புக விடாது தடுக்கின்றது. அலங்காரப் பிரியனான எம்பெருமானுக்கு மணம் ஓர் உபசாரம். அதே மணப்பொருள் திருமேனிக்கு ரக்ஷையாகவும் அமைந்தது பெரியோர்களின் நுட்பம்.

தைலம் என்னும் சொல் திலம் என்பதிலிருந்து பிறந்தது. திலமாவது எள். தமிழிலும் எள்ளின் நெய்யே எண்ணெய். பிற்காலத்தில் இவ்விரு சொற்களும் எல்லா வித்துக்களின் நெய்க்கும், பின்னர் இலை, வேர், மரம் ஆகியவற்றின் மணநெய்க்கும் பொதுவாயின. ஆயினும் இவற்றுள் இரண்டு இனங்கள் உண்டு. நல்லெண்ணெய் ஒரு துளியைக் காகிதத்தில் விட்டால் கறை நிற்கும். நாள் கழிந்தாலும் போகாது. எலுமிச்சைப்புல் எண்ணெயையோ நீலகிரித் தைலத்தையோ ஒரு துளி விட்டால் சிறிது பொழுதில் பெரும்பாலும் பறந்துபோகும். முன்னது நிற்கும் எண்ணெய், பின்னது பறக்கும் எண்ணெய். செடிகொடிகளின் நறுமணமெல்லாம் இந்தப் பறக்கும் எண்ணெயே. துளசி இலையில் இது மிக நுண்ணிய சுரப்பிகளில் அடைபட்டிருக்கின்றது. விரல் பட்டவுடன் அவை உடைவதாலேயே மணம் எழுகின்றது. வெட்டிவேரில் வேரிலும், ஏலத்தில் விதையிலும், சந்தனத்தில் நடுவைரத்திலும் வேரிலும் இது தங்குகின்றது.

பறப்பதே இயல்பாக உள்ள பொருளை நிறுத்தி வைப்பது எங்ஙனம்? வைத்திய சாஸ்திரம் கூறும் தைலபாக முறை இதற்கு விடை தருகின்றது. அரைத்த கற்கம் ஒரு பங்கு, எண்ணெய் நான்கு பங்கு, கஷாயம் முதலிய நீர்ப்பொருள் பதினாறு பங்கு என்பது பொதுக் கணக்கு. மெல்லிய தீயில் நீர் முழுதும் வற்றும் வரை காய்ச்ச வேண்டும். ஆனால் பச்சைக்கற்பூரம் போன்ற மிகு மணப்பொருள்களை அடுப்பில் சேர்ப்பதில்லை. அவற்றைப் பொடித்து வேறொரு பாத்திரத்தில் இட்டு, காய்ச்சி இறக்கிய தைலத்தை அதன்மேல் வடிப்பர். இதற்குப் பாத்திரபாகம் என்று பெயர். தீயில் எது பறக்கும், எது நிற்கும் என்பதை முன்னோர் துல்லியமாக அறிந்திருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

எண்ணெய்களில் எள்ளெண்ணெயைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. சிக்குவாடையைத் தடுக்கும் பொருள்கள் அதில் இயல்பாகவே அமைந்திருத்தலின் அது எளிதில் கெடுவதில்லை. நாங்குநேரி வானமாமலையில் எம்பெருமானுக்கு நாள்தோறும் தைலத் திருமஞ்சனம் நடைபெறுகின்றது. அந்த எண்ணெய் கோயிலில் உள்ள எண்ணெய்க் கிணற்றில் சேர்க்கப்பட்டு, தோல்நோய்க்கு மருந்தென நம்புவோரால் பெற்றுச் செல்லப்படுகின்றது.

மணப்பொருள்களுள் தலையாயது சந்தனம். வேதாந்தம் கற்றோருக்கு இது வெறும் மரமன்று. பிரம்மசூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில், ஜீவாத்மா அணு அளவினன் என்பதை நிலைநாட்டும் இடத்தில், சந்தனமும் மணமும் திருஷ்டாந்தங்களாக வருகின்றன. உடலில் ஓரிடத்தில் தடவிய ஒரு துளி சந்தனம் உடல் முழுவதையும் குளிர்விப்பது போல, ஓரிடத்தில் உள்ள ஆத்மா உடல் முழுவதும் நிகழ்வதை அனுபவிக்கின்றான் என்று ஸ்ரீபாஷ்யம் விளக்குகின்றது. மணம் பூமியின் குணமாக இருந்தும் பூமியினின்று வேறாக உணரப்படுவது போல, ஞானமும் அறிகின்ற ஆத்மாவினின்று வேறான குணம் என்பது மற்றொரு திருஷ்டாந்தம். தர்க்கசங்கிரகம் பயிலும் சிறுவனும் பிருதிவிக்கு லக்ஷணம் மணம் உடைமை என்றே தொடங்குகின்றான். எம்பெருமானார் காட்டிய இந்த உவமைகள் உள்ளத்தில் பதிய வேண்டுமானால், உண்மையான சந்தனத்தை ஒருமுறையேனும் கல்லில் இழைத்து முகர்ந்திருக்க வேண்டும். இன்றைய இளைஞர் பலருக்குச் சந்தனம் என்றால் சோப்பின் மணமும் ஊதுவத்தியின் மணமுமே நினைவுக்கு வருகின்றன.

சந்தனமரம் பிற மரங்களின் வேரைப் பற்றி ஓரளவு உணவை உறிஞ்சி வளர்வது. நடுவைரம் பற்றப் பல ஆண்டுகள் ஆகும். நன்கு முற்றுவதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் வேண்டும். வைரத்தைத் தூளாக்கி நீராவி செலுத்தினால், ஆவியோடு எண்ணெயும் எழுந்து, குளிர்ந்தபின் நீரினின்று பிரிந்து நிற்கும். பிற எண்ணெய்கள் பல சில மணி நேரத்தில் வடிந்துவிட, சந்தன எண்ணெய் நாட்கணக்கில் மெதுவாக வடிகின்றது. முதல் உலகப்போரினால் கட்டைகளை அயல்நாட்டுக்கு அனுப்புதல் தடைப்பட்டபோது, மைசூர் சமஸ்தானம் 1916இல் பெங்களூரில் தானே எண்ணெய் வடிக்கத் தொடங்கியது வரலாறு. இந்த எண்ணெயின் உயிர் சந்தலால் என்னும் பொருள். அது தானும் மெதுவாகப் பறப்பது. தன்னுடன் சேர்ந்த பிற மணங்களையும் விரைந்து ஓடவிடாது பிடித்து வைப்பது. கன்னோசி நகரத்து அத்தர் தொழிலாளர் செப்புப் பானையில் ரோஜாவையும் வெட்டிவேரையும் காய்ச்சி, எழும் ஆவியை மூங்கில் குழாய் வழியே சந்தன எண்ணெயில் இறக்குவது இதனால்தான். தைலக்காப்பில் சந்தனம் முதலிடம் பெறுவதற்கும் இதுவே காரணம் எனலாம்.

சந்தனத்தோடு எண்ணப்படும் அகிலின் கதை வேறு. அகில்மரம் இயல்பில் மணமற்றது. காயம்பட்டு, அதில் பூஞ்சணம் பற்றும்போது, மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் கரிய பிசினே அகில். அஸ்ஸாம், திரிபுரா முதலிய கீழ்த்திசைக் காடுகளிலும் கடல்கடந்த நாடுகளிலும் விளைவது. சிலப்பதிகாரத்தில் கீழ்க்காற்றோடு கலங்களில் வந்த பண்டங்களுள் அகிலும் சந்தனமும் கற்பூரமும் எண்ணப்பட்டிருத்தல் காண்க. காட்டு மரங்களை அளவின்றி வெட்டியதால், 1995 முதல் அகிலின் பன்னாட்டு வாணிகம் கட்டுப்பாட்டின் கீழ் வந்துவிட்டது.

கற்பூரத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். பிழைகள் மிகுதியும் இதில்தான் நேர்கின்றன. வெண்சங்கை நோக்கி ஆண்டாள் நாச்சியார் எம்பெருமானது திருவாயின் மணத்தை வினவும்போது முதலில் நினைப்பது கற்பூரத்தையே. அந்நாளில் கற்பூரமென்றால் மரத்தினின்று வந்ததே. சுமத்திரா, போர்னியோ தீவுகளின் காட்டுமரத்து வைரத்தில் உறைந்து கிடந்த படிகமும், சீனம், ஜப்பான் நாடுகளில் வளரும் கற்பூரமரத்தின் வடிப்பும் என அது இருவகைப்படும். இன்று தீபாராதனைக்கு விற்கும் சூடம் பெரும்பாலும் பைன் மரப்பிசினின் டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் ஆக்கப்படுவது. அது ஏற்றுவதற்கே உரியது, உட்கொள்ளத் தக்கதன்று. தீர்த்தத்தில் சேர்ப்பது உண்பதற்கென்று விற்கப்படும் பச்சைக்கற்பூரம் மட்டுமே. அதுவும் ஒரு குடத்துக்குக் கடுகளவு போதும். பக்தி மேலீட்டால் கட்டிகட்டியாகப் போடுவது தவறு. கற்பூரத்தை விழுங்கிய சிறு குழந்தைகளுக்கு வலிப்பு கண்டு உயிருக்கே ஆபத்து நேர்ந்ததுண்டு. கைக்குழந்தையின் மூக்கிலோ நெஞ்சிலோ கற்பூரத்தைத் தடவும் வழக்கமும் கைவிடத் தக்கது. எறும்புக்கென்று அலமாரியில் இட்ட சூடத்தைக் குழந்தைகள் கல்கண்டென்று எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதைத் தாய்மார் மறவாதிருப்பார்களாக.

தீர்த்தப் பரிமளத்தில் ஏலம், லவங்கம், ஜாதிக்காய், பச்சைக்கற்பூரம், துளசி முதலியன சேர்வது வழக்கம். லவங்கத்தின் எண்ணெயில் உள்ள யூஜினால் என்னும் பொருளையே பல்வைத்தியர் இன்றும் சொத்தைப் பல்லின் வலிக்குப் பயன்படுத்துகின்றனர். துளசியின் பல வகைகளிலும் அதே பொருள் உண்டு. ஏலத்தை முன்னதாகப் பொடித்து வைத்தால் மணம் பறந்துவிடும். அன்றன்று தட்டிச் சேர்ப்பதே முறை.

இல்லங்களில் வழங்கும் பிற எண்ணெய்களைச் சுருங்கக் கூறின், ஜலதோஷத்துக்கு நொச்சி ஆவியும் நீலகிரித் தைலமும், வயிற்றுப் பொருமலுக்கு ஓமநீரும், கொசுவை விலக்க எலுமிச்சைப்புல் எண்ணெயும் எல்லோரும் அறிந்தவை. நீலகிரித் தைலத்தை ஒருபோதும் குடித்தலாகாது. குழந்தைகளுக்கு ஒரு தேக்கரண்டியும் கேடு விளைவிக்கும். எந்த மணநெய்யையும் தேங்காயெண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ கலந்தன்றி உடலில் தடவுதல் கூடாது.

இனி, இடையூறு யாது என்பதைக் கூற வேண்டும். திருவிழாக் காலங்களில் அன்பர்கள் பெருமாளுக்கென்று சிறு புட்டிகளில் சந்தன எண்ணெய், ஜவ்வாது, அத்தர் என வாங்கி வந்து சமர்ப்பிக்கின்றனர். அவர்கள் பக்தியில் குறையில்லை. ஆனால் கடைவீதியில் சொற்ப விலைக்குக் கிடைக்கும் "சந்தன எண்ணெய்" சந்தனமாக இருக்க வழியில்லை. மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த கனிம எண்ணெயில் செயற்கை வாசனையைக் கலந்தவை அவற்றுள் பல. முன்னர் கூறிய காகிதச் சோதனை இங்கு முழுமையாக உதவாது. அது நிற்கும் எண்ணெய் கலந்திருப்பதைக் காட்டுமேயன்றி, செயற்கை வாசனையைக் காட்டிக்கொடுக்காது. அதற்கு ஆய்வுக்கூடமே வேண்டும். பல நூறு ஆண்டுகளாகக் காக்கப்பட்ட சுதைத் திருமேனியின் அருகில் இன்னதென்று தெரியாத பொருள் செல்வதை எண்ணினால் அச்சமே உண்டாகின்றது. அத்தகைய புட்டிகளைத் திருமேனிக்குச் சாற்றாமல் அர்ச்சகர் ஒதுக்கி வைத்தால் அன்பர்கள் மனம் வருந்தலாகாது.

மெய்யான சந்தனம் அரிதாகிவிட்டது உண்மையே. திருட்டு வெட்டும் நோயும் காடுகளை வெறுமையாக்கின. எனினும் 2002இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தி, சொந்த நிலத்தில் வளரும் சந்தனமரத்தின் உரிமையை நிலத்துக்குரியவருக்கே அளித்தது. வெட்டவும் கொண்டுசெல்லவும் வனத்துறையின் அனுமதி வேண்டும். நிலமுள்ள அன்பர்கள் துவரை முதலிய துணைச்செடிகளோடு சில கன்றுகளை நட்டு வைத்தால், பேரன் காலத்திலாவது கோயிலுக்குக் கட்டை கிடைக்கும். இது பொருளற்ற ஆசையன்று. கோயில்களுக்கு நந்தவனம் அமைத்தவர்கள் இப்படித்தான் எண்ணினார்கள்.

அதுவரையில், புட்டியை விடக் கட்டை மேல். அரசு விற்பனை நிலையத்தில் வாங்கிய விரலளவு சந்தனக்கட்டையும், ஒரு பிடி வெட்டிவேரும், வீட்டு முற்றத்துத் துளசியும் எந்தச் சந்நிதியிலும் உகந்து ஏற்கப்படும். கட்டையை ஈரக்கல்லில் அவசரமின்றி வட்டமாக இழைத்தல் வேண்டும். நீர் மிகுந்தால் குழம்பு ஓடும், குறைந்தால் கட்டை தேயாது.

தைலக்காப்பின் சிறப்பை நேரில் சேவிக்க விரும்புவோர் ஐப்பசி வளர்பிறையில் திருமாலிருஞ்சோலைக்குச் செல்லலாம். அழகர் மலைமேல் எழுந்தருளி, தைலம் சாற்றிக்கொண்டு, நூபுர கங்கையில் திருமஞ்சனம் கண்டருள்வது அப்போதுதான். மூலவரைத் தைலக்காப்பு நீங்கிய கோலத்தில் சேவிக்க விழைவோர் தை அமாவாசைக்குப் பின் யாத்திரையை அமைத்துக்கொள்வது நலம்.