ஆளுங்கட்சியை எதிர்த்துப் பேசப் போகும் பிள்ளைகளுக்கு

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிலிருந்து இப்போது நிறைய இளம் பிள்ளைகள் அரசியலுக்கு வருகிறார்கள். பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் மேடையேறி அரசாங்கத்தைக் கண்டித்துப் பேச ஆசைப்படுகிறார்கள். நல்லது, பேசத்தான் வேண்டும். 2024 செப்டெம்பரில் ஜனாதிபதிப் பதவியையும், அதே ஆண்டு நவம்பரில் 225இல் 159 ஆசனங்களையும் பெற்ற தேசிய மக்கள் சக்தியிடம், அடுத்த பெரிய தேர்தல் வரும்வரை காத்திருக்காமல் பாதி வழியிலேயே கணக்குக் கேட்பது எதிரணியின் கடமை. அதற்குக் கிடைக்கும் வாய்ப்பு மாகாண சபைத் தேர்தல்தான். பல தேர்தல்களில் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கியவன் என்ற முறையில், உங்களுக்குச் சில வார்த்தைகள்.

1. சம்பளத்தைப் பற்றிப் பேசுமுன் சம்பளத் துண்டைப் படியுங்கள்.

“ஏமாற்றிவிட்டார்கள்” என்று சத்தம் போடுவது எளிது. எதில், எவ்வளவு என்று சொல்லத் தெரிய வேண்டும். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 108 ரூபாய், தொழிலாளியிடமிருந்து பிடிக்கப்படும். மிச்சம் 1,242. 2025 பெப்ரவரி வரவு செலவுத் திட்ட உரையில் 1,700 ஆக்குவதாகச் சொன்னார்கள். அந்த ஆண்டு நவம்பரில் வந்த அடுத்த திட்டத்தில், நாட்சம்பளத்தை 1,550 ஆக்கி, அரசாங்கம் தன் பங்காக நாளொன்றுக்கு 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவு தந்து, மொத்தம் 1,750 என்றார்கள். இதில் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. கம்பனி கொடுக்க வேண்டியதில் ஒரு பகுதியை மக்களின் வரிப்பணத்திலிருந்து ஏன் கொடுக்க வேண்டும்? இது எத்தனை ஆண்டுக்கு உறுதி? நம் பக்கத்தில் மழை பிடித்தால் இறப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. பெரட்டுக்கு வந்தும் வேலை கிடைக்காமல் திரும்புகிறவருக்கு வருகைக் கொடுப்பனவு எப்படிக் கிடைக்கும்? கொழுந்து குறைந்து அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம் மட்டும், விழுந்தால் என்ன கணக்கு? இப்படிக் கேட்டால் மேடைக்கு முன்னால் நிற்கும் அக்கா தன் துண்டை எடுத்துப் பார்ப்பார். அவர் சரிபார்த்து ஒப்புக்கொண்ட விமர்சனத்தை எந்த அமைச்சராலும் மறுக்க முடியாது.

2. அவர்கள் எழுதித் தந்ததை வைத்தே கேளுங்கள்.

2023 ஒக்டோபர் 15ஆம் திகதி தேசிய மக்கள் சக்தி ஹட்டன் பிரகடனத்தை வெளியிட்டது. மலையக மக்களின் காணி, வீடு, கல்வி, சுகாதாரம், சம்பளம் எல்லாம் அதில் வருகின்றன. அதைத் தேடிப் படியுங்கள். ஒவ்வொரு வாக்குறுதிக்கும் நேரே, நம் தோட்டத்தில் என்ன நடந்தது என்று எழுதிவையுங்கள். நீங்களாக ஓர் அளவுகோல் செய்து அளந்தால் பொறாமை என்பார்கள். அவர்களுடைய கோலாலேயே அளந்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

3. உங்கள் பக்கத்துக் கணக்கையும் ஒளிக்காதீர்கள்.

சப்ரகமுவ மாகாண சபைக்குக் கடைசியாக வாக்களித்தது 2012 செப்டெம்பர் 8ஆம் திகதி. 2017இல் அதன் காலம் முடிந்தது. அதன் பிறகு நம் மாகாணம் ஆளுநரின் கையில் இருக்கிறது. இதற்காக இன்றைய அரசாங்கத்தைக் குறை சொல்லுங்கள், அதில் நியாயம் உண்டு. ஆனால் 2018 ஓகஸ்டில் மாகாண சபைத் தேர்தலுக்கான எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. சபையில் இருந்த கட்சிகள் சேர்ந்தே அதைத் தோற்கடித்தன, தேர்தலும் கிடப்பில் விழுந்தது. 2023 மார்ச்சில் நடக்க இருந்த உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பணம் இல்லை என்று தள்ளிப்போட்டது முந்தைய அரசாங்கம். அது வாக்காளரின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்பளமும் அப்படித்தான். ஆயிரம் ரூபாய்க் கோரிக்கை எழுந்தது 2015இல், கைக்கு வந்தது 2021இல். அந்த ஆண்டுகளில் அமைச்சரவையில் நம் தலைவர்களும் இருந்தார்கள். மேடையில் இதை முதலில் நீங்களே சொல்லுங்கள். கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து கேட்ட பிறகு சொன்னால் அது சமாளிப்பாகிவிடும்.

4. யாருடைய பொறுப்பு என்று தெரிந்து பேசுங்கள்.

லயத்துக் கூரைக்கும் தோட்டப் பாதைக்கும் பாடசாலை ஆசிரியருக்கும் பொறுப்பாளிகள் வேறு வேறு. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை வேலை செய்வதற்கு நெடுங்காலம் தடையாக இருந்தது. அது 2018இல் திருத்தப்பட்டது. ஆகவே இன்று தோட்டப் பாதையில் வெளிச்சம் இல்லை என்றால், 2025 மே 6ஆம் திகதி தெரிவான உங்கள் பிரதேச சபையிடமும் கேட்கலாம். அந்தச் சபையில் உங்கள் கட்சி உறுப்பினரே உட்கார்ந்திருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லை என்றால் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கதவைத் தட்ட வேண்டும். எல்லாப் பழியையும் கொழும்பின் மேல் போட்டால், பக்கத்தில் இருக்கும் பொறுப்பாளி தப்பித்துக்கொள்வார்.

5. சந்தேகம் இருந்தால் எழுத்தில் கேளுங்கள்.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. பிரதேச செயலகத்துக்கோ அமைச்சுக்கோ தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. “எங்கள் பிரிவில் எத்தனை குடும்பங்களுக்கு வீடு ஒதுக்கினீர்கள், எத்தனை கட்டி முடிந்தன, எத்தனை பேருக்குக் காணி உறுதி கிடைத்தது?” என்று மூன்று வரி எழுதிப் போடுங்கள். வரும் பதில் கடிதம் பத்து மேடைப் பேச்சுக்குச் சமம். கடையடியில் கேட்டதையும் கைப்பேசியில் யாரோ அனுப்பியதையும் மேடையில் சொல்லாதீர்கள்.

6. நல்லது நடந்தால் நடந்தது என்று சொல்லுங்கள்.

2024இல் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து சுந்தரலிங்கம் பிரதீப் பாராளுமன்றம் சென்றார், பிரதி அமைச்சரும் ஆனார். சிதறிக் கிடக்கும் நம் மக்களுக்கு அது சின்ன விஷயமில்லை. அவர் எந்தக் கட்சியானாலும் அதை ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்ட பிறகு, “ஐயா, அந்தப் பதவியால் எங்கள் லயத்துக்கு என்ன வந்தது?” என்று கேளுங்கள். 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் வீட்டுரிமை ஆவணங்கள் கொடுத்தார்கள். வாங்கியவர் மகிழ்ந்ததைக் கேலி செய்யாதீர்கள். அந்தத் தாள் காணி உறுதியா, பிள்ளைக்கு எழுதிவைக்க முடியுமா, வங்கி அதை ஏற்குமா என்று கேளுங்கள். முதலாவது பேச்சு அந்தக் குடும்பத்தை அவமதிக்கும். இரண்டாவது அந்தக் குடும்பத்துக்காக வாதாடும்.

7. இனத்தை இழுக்காதீர்கள்.

நுவரெலியாவில் பேசுவது போல இங்கே பேச முடியாது. நம் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களின் நடுவில் தீவு தீவாக இருக்கின்றன. 1977 ஜூலையில் தேர்தல் முடிந்து அடுத்த மாதமே வன்முறை வெடித்தது, அது சப்ரகமுவத் தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. உடுத்த துணியோடு காட்டுக்குள் ஓடியவர்கள் நம் பெற்றோர். மேடையில் பேசியவர்கள் பாதுகாப்பாக இருந்தார்கள், அடிபட்டது தோட்டத்தில் இருந்த சனம். ஆகவே அமைச்சரைக் கண்டியுங்கள், கட்சியைக் கண்டியுங்கள், கொள்கையைக் கண்டியுங்கள். “சிங்கள அரசாங்கம்” என்று தொடங்கும் வாக்கியத்தை விட்டுவிடுங்கள். பக்கத்துக் கிராமத்தின் சிறு தேயிலைத் தோட்டக்காரருக்கும் உர விலை சுடுகிறது. அவருக்கும் புரியும்படி சிங்களத்தில் நாலு வார்த்தை பேசப் பழகுங்கள். நம் கோரிக்கைக்குப் பக்கபலம் அங்கேதான் இருக்கிறது.

8. ஆளைத் திட்டாதீர்கள்.

சாதி, குடும்பம், உடல், ஒரு பெண் வேட்பாளரின் நடத்தை இவற்றைப் பேசிக் கைதட்டு வாங்குகிறவனை மக்கள் அன்றிரவே மறந்துவிடுவார்கள். திட்டு வாங்கியவரின் குடும்பம் தலைமுறைக்கும் மறக்காது. கேட்க வருகிறவர்களில் பெரும்பாலோர் மலையேறிக் கொழுந்து எடுத்து, வீடு திரும்பி அடுப்பு மூட்ட வேண்டிய பெண்கள். சுருக்கமாகப் பேசுங்கள்.

9. மேடைக்கு வெளியே கையை நீட்டுங்கள்.

1934–35இல் மலேரியா கேகாலைப் பகுதியைச் சூறையாடியபோது, இடதுசாரித் தலைவர் என்.எம். பெரேராவும் அவருடைய தோழர்களும் வீடு வீடாக மருந்தும் பருப்பும் கொண்டுபோனார்கள். சனம் அவரைப் பருப்பு மாத்தயா என்று அழைத்தது. 1936இல் ருவன்வெல்லைத் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. வெள்ளைக்கார ஆட்சியை அவர் கடுமையாகக் கண்டித்தபோது சனம் நம்பியதற்குக் காரணம், அவர் முன்பே அவர்களின் வாசலுக்கு வந்திருந்ததுதான். நமக்கும் வேலை இருக்கிறது. 2016 மே மாதம் புளத்கொகுபிட்டிய களுபஹன தோட்டத்தில் மண்சரிந்து லயத்து மக்கள் உயிரோடு புதைந்தார்கள். ஆபத்தான சரிவில் இன்றும் லயங்கள் இருக்கின்றன. எந்த லயத்துக்கு எச்சரிக்கை வந்தது, அதன் பிறகு மாற்றிடம் கிடைத்ததா என்று பட்டியல் எடுங்கள். மழைக்கு முன்னால் அந்தப் பட்டியலை அதிகாரிகளிடம் கொடுங்கள். மழைக்குப் பின்னால் அரசாங்கத்தைக் கண்டிக்கும் உரிமை அப்போது உங்களுக்கு வரும்.

10. எண்ணிக்கையை மறக்காதீர்கள்.

2012இல் மலையகக் கட்சிகள் ஒன்றாகச் சேவல் சின்னத்தில் நின்றபோது, 44 ஆசனங்கள் கொண்ட சப்ரகமுவ மாகாண சபையில் இரண்டு கிடைத்தன. பிரிந்து நின்றால் அதுவும் இல்லை. ஆளுங்கட்சியும் அசைக்க முடியாத மலை அல்ல. 2024 நவம்பரில் 61 வீதத்துக்கு மேல் வாங்கிய கட்சி, ஆறு மாதத்தில் வந்த உள்ளூராட்சித் தேர்தலில் 43 வீதத்துக்கு இறங்கியது. மக்கள் கணக்குப் பார்க்கிறார்கள். உங்களையும் பார்ப்பார்கள். வேட்பாளராக நின்றால், முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் உங்கள் செலவுக் கணக்கை ஒப்படையுங்கள். அடுத்தவரிடம் கணக்குக் கேட்கிறவர் முதலில் தன் கணக்கைக் காட்ட வேண்டும்.

பிள்ளைகளே, 1949இல் பறிக்கப்பட்ட வாக்குரிமையை முழுதாக மீட்க நமக்கு அரை நூற்றாண்டு எடுத்தது. எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை தந்த சட்டம் 2003இல்தான் வந்தது. அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த வாக்கைப் பொய் சொல்லிக் கேட்காதீர்கள், பயமுறுத்தியும் கேட்காதீர்கள். தேர்தலுக்கு மறுநாளும் அதே லயத்துக்குப் போய், அதே கேள்வியை, வென்றவர் நம் ஆளாக இருந்தாலும் கேளுங்கள்.