எல்லைக் காவல்

கணிப்பொறியில் இயங்கும் நிரல்கள் பல. அவற்றிற்கு நினைவகத்தைப் பகிர்ந்தளித்து, ஒன்றன் பணியில் மற்றொன்று தலையிடாவண்ணம் முறைசெய்வது இயக்க முறைமையாகும். அதன் உட்கருவைக் கெர்னல் என்பர். நாடு காக்கும் காவலனே நெறி பிறழ்ந்தால் குடிகள் யாரிடம் முறையிடுவர்? அதுபோலவே, கெர்னலில் நேரும் பிழை பொறி முழுவதையும் கெடுத்துவிடும். அத்தகைய பிழைகளுள் ஒன்று அடுக்கு வழிதல்.

அடுக்கு என்பது யாது? ஒரு வேலையின் இடையே வேறொரு வேலை குறுக்கிட்டால், விட்ட இடத்தை நாம் ஏட்டில் குறித்துக்கொள்கிறோம். கெர்னலும் அவ்வாறே குறிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்; இறுதியில் வைத்ததை முதலில் எடுக்கும். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் தொடங்கிய லினக்ஸ் கெர்னலில், ஒவ்வொரு பணிக்கும் தனி அடுக்கு உண்டு. 64 பிட் இன்டெல் வகைப் பொறிகளில் அதன் அளவு முன்னர் 8 கிலோபைட்டு. 2014-இல் அது 16 கிலோபைட்டு ஆயிற்று. இவ்விடம் தானாக வளராது. வேலைக்குள் வேலை மிகுந்தால், குறிப்புகள் எல்லை கடந்து அண்டையிலுள்ள செய்திகளின்மீது எழுதப்படும்.

கேடு விளைந்த கணத்தில் யாதொரு குறியும் தோன்றாமற்போகலாம். அழிந்த செய்தியை வேறொரு பணி பின்னர் நாடும்போதுதான் பொறி நிலைகுலையும். குற்றம் ஓரிடம், பழி ஓரிடம்!

இதனைக் கண்டறியும் வழிகளுள் ஒன்று எல்லைக்கல் நடுதலை ஒக்கும். அடுக்கின் கடைக்கோடியில் 1,47,09,18,301 என்னும் எண்ணை எழுதிவைப்பர். செயலி ஒரு பணியை விட்டு மறுபணிக்குச் செல்லும்போதெல்லாம் அவ்வெண்ணை நோக்குமாறு கெர்னலை அமைக்கலாம். எண் மாறியிருப்பின், அடுக்கு வழிந்தது எனத் துணிந்து, கெர்னல் பொறியை நிறுத்திவிடும். தவறான செய்தியை வட்டில் எழுதுவதினும் நின்றுவிடுதல் நன்றன்றோ? ஆயினும், இம்முறையில் இரு குறைகள் உள. கல் புரண்ட பின்னரே தீங்கு புலனாகும். கல்லைத் தொடாது தாண்டிச் சென்றாலோ புலனாகாது.

இக்குறைகளைப் போக்க, 2016-இல் வெளிவந்த லினக்ஸ் 4.9 பதிப்பில் காவற்பக்கம் என்னும் ஏற்பாடு வந்தது. அடுக்கை ஒட்டி, எவரும் எழுதவொண்ணாத வெற்றிடம் ஒன்றை விடுவர். அங்கு ஓர் எழுத்தை எழுத முயன்றாலும் செயலியே தடுத்துக் கெர்னலுக்கு உணர்த்தும். அண்டைச் செய்தி அழியுமுன்னரே பிழைசெய்த நிரல் கையுங்களவுமாக அகப்படும். அவ்வெற்றிடம் 4,096 பைட்டு அகலமுடையதாகலின், அதனைத் தாண்டுதலும் எளிதன்று.

எல்லைக்கல் நடந்த தீங்கை உரைக்கும்; காவற்பக்கம் தீங்கு நடவாமல் தடுக்கும். இரண்டும் வேண்டுவனவே. எனினும், வந்தபின் அறிதலினும் வருமுன் காத்தலே சிறந்தது என்னும் உண்மை பொறிக்கும் பொருந்துவதாம்.